பாலம் கட்டுனா கணக்கு வருமா? ஸ்கூல் பாடத்துல இன்ஜினியரிங்கை எப்படி சேர்க்கிறது

சயின்ஸ் பீரியட்ல பசங்க பேப்பர்ல பாலம் கட்டுறாங்க, குச்சியை அடுக்கி டவர் கட்டுறாங்க, ரப்பர் பேண்ட் சுத்தி கார் ஓட்டுறாங்க, கிளாஸ் பூரா ஒரே சத்தம், எல்லாரும் ஜாலியா இருக்காங்க, டீச்சரும் போட்டோ எடுத்துக்குறாங்க. முடிஞ்சதும் ஒரு பையனைக் கூப்பிட்டு "சரி, இதுல என்ன கத்துக்கிட்ட?"ன்னு கேட்டா "டீம்வொர்க்"னு சொல்லுவான். தப்பில்ல, ஆனா அந்த 45 நிமிஷத்தை கணக்குக்கோ சயின்ஸுக்கோ உதவும்னு நினைச்சுதானே ஒதுக்குனோம், அது எங்க போச்சுன்னு கேட்டா பதில் வராது. இந்த மாதிரி ஆக்டிவிட்டி எப்ப பாடமாகுது, எப்ப வெறும் விளையாட்டா முடிஞ்சு போகுதுங்கறதைப் பத்திதான் இங்க சொல்லப் போறேன், டீச்சரா இருந்தாலும் வீட்டுல பிள்ளைங்களோட உக்காந்து ஏதாவது செஞ்சு பாக்கணும்னு நினைக்கிற அப்பா அம்மாவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் இது பொருந்தும்.

மொதல்ல பேஸிக். சயின்ஸ் கேக்குற கேள்வி "இது ஏன் இப்படி நடக்குது". இன்ஜினியரிங் கேக்குற கேள்வி "கையில இருக்குற பொருளை வெச்சு, இருக்குற நேரத்துக்குள்ள, இந்த வேலையை எப்படி நடக்க வைக்கிறது". கணக்கு ரெண்டு பக்கமும் ஓடிட்டு இருக்கும். அமெரிக்காவுல 2013ல நெக்ஸ்ட் ஜெனரேஷன் சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்னு ஒரு பாடத்திட்ட வரையறை வெளியாச்சு, அதுல ஸ்கூல் பிள்ளைங்க பழக வேண்டிய 8 பழக்கங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு, மாடல் உருவாக்குறது, டேட்டாவை அலசுறது, கணக்கைப் பயன்படுத்துறது, ஆதாரத்தோட வாதாடுறதுன்னு போகும். அந்த எட்டுல ஆறு சயின்ஸுக்கும் இன்ஜினியரிங்குக்கும் ஒண்ணுதான். ரெண்டே இடத்துலதான் பிரிச்சு எழுதியிருப்பாங்க: சயின்ஸ்னா கேள்வி கேக்கணும், இன்ஜினியரிங்னா பிரச்சனையை வரையறுக்கணும், சயின்ஸ்னா விளக்கம் கட்டணும், இன்ஜினியரிங்னா தீர்வை டிசைன் பண்ணணும். மீதி எல்லாமே பொது. அதனால இன்ஜினியரிங்கைப் புதுசா ஒரு சப்ஜெக்டா தலையில ஏத்த வேண்டியதில்ல, ஏற்கனவே நடத்துற பாடத்துக்குள்ளயே அதுக்கு இடம் இருக்கு.

இதுல அடிக்கடி காதுல விழுற ரெண்டு வார்த்தை இருக்கு, கிரைட்டீரியா, கன்ஸ்ட்ரெயின்ட். "20 சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டணும், நடுவுல 30 காசு வெச்சா தாங்கணும்" இது கிரைட்டீரியா, அதாவது எது நடந்தா ஜெயிச்ச மாதிரின்னு சொல்றது. "ஒரே ஒரு ஏ4 பேப்பர், பசை கிடையாது, டேப் கிடையாது, 15 நிமிஷம்" இது கன்ஸ்ட்ரெயின்ட், கட்டுப்பாடு. மத்தபடி ஐடியா யோசி, மாடல் செய், டெஸ்ட் பண்ணு, திருத்திச் செய்னு வட்டமா ஒரு படம் போட்டு சுவர்ல ஒட்டியிருப்பாங்க, சில பேர் அதை அஞ்சு ஸ்டெப்னுவாங்க, சில பேர் ஏழும்பாங்க, அந்த நம்பரைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண வைக்காம இருந்தா அதுவே போதும்.

இப்ப முக்கியமான விஷயம். பிள்ளைங்க ரொம்ப புத்திசாலிங்க, கணக்குப் போடாம ஒரு வேலையை முடிக்க முடியும்னா கணக்குப் போடாமதான் முடிப்பாங்க (பெரியவங்களும் அப்படித்தானே). டேப் நிறைய கொடுத்தா டேப்பால பிரச்சனையைத் தீர்ப்பாங்க. எத்தனை தடவை வேணா டெஸ்ட் பண்ணிக்கலாம்னா தட்டுத்தடுமாறி, மாத்தி மாத்திப் பாத்து, எப்படியோ ஒரு வழியைக் கண்டுபிடிச்சிருவாங்க. அதனால ஒரு இன்ஜினியரிங் ஆக்டிவிட்டியை எடுக்குறதுக்கு முன்னாடி நாம கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்தப் பாடத்துல நான் சொல்லிக்கொடுக்க நினைக்கிற கணக்கு தெரியாமயே ஒரு குரூப் இதுல ஜெயிக்க முடியுமா? முடியும்னா அந்த ஆக்டிவிட்டியை மாத்தணும்.

ரோபோ கிட்டை எடுத்துக்கோங்க. வண்டி சரியா 1 மீட்டர் ஓடி கோட்டுல நிக்கணும்னு சொல்றோம். பசங்க என்ன பண்ணுவாங்க, சக்கரம் 3 சுத்து சுத்தணும்னு புரோகிராம்ல போடுவாங்க, கம்மியாப் போகும், 8 போடுவாங்க, தாண்டிப் போகும், 6, 5.5, இப்படியே போய் சேந்துருவாங்க, கைதட்டல். இதுல கணக்கு எதுவும் நடக்கல. இதே ஆக்டிவிட்டியில ஒரே ஒரு ரூலை மட்டும் மாத்துங்க: ஓட்டிப் பாக்க ஒரே சான்ஸ்தான், அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் வேணா அளந்துக்கலாம், எழுதிக்கலாம். உடனே எல்லாரும் வண்டியை ஓட்டுறதை விட்டுட்டு சக்கரத்தை அளக்க ஆரம்பிப்பாங்க. விட்டம் 5.6 சென்டிமீட்டர்னா சுற்றளவு கிட்டத்தட்ட 17.6, அப்ப 100ஐ 17.6ஆல வகுத்தா 5.68 சுத்து. பை அப்படிங்கற நம்பர் எதுக்குன்னு வருஷக்கணக்கா சொல்லியும் புரியாத பையனுக்கு அந்த ஒரு சான்ஸ் ரூல் புரிய வெச்சிரும். கிட்டும் அதேதான், பசங்களும் அதேதான், ரூல் ஒண்ணுதான் மாறுச்சு. கிட்டுக்குன்னு நிறைய காசு போட்டுட்டு இந்த ரூலைப் பத்தி யோசிக்காம விடுறதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, ஒரு பாடத்தை முழுசா எடுத்துப் பாப்போம், என் சாய்ஸ் எப்பவுமே பேப்பர் பாலம்தான். செலவே கிடையாது, உடைஞ்சா இன்னொரு பேப்பர் எடுத்துக்கலாம், ஒரே டெஸ்டை மூணு தடவை திருப்பிப் பண்ணலாம், மூணாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அதே பேப்பரை வெச்சு வேற வேற ஆழத்துக்குப் போகலாம்.

ரெண்டு புத்தக அடுக்கு, நடுவுல 20 சென்டிமீட்டர் இடைவெளி, அது மேல ஒரு ஏ4 பேப்பரைத் தட்டையா நீளவாக்குல வைங்க. ஒரு காசு வெச்சாலே தொங்கி விழுந்துரும். இப்ப அதே பேப்பரை விசிறி மடிக்கிற மாதிரி நீளவாக்குல முன்னும் பின்னுமா மடிச்சு வைங்க, காசு மேல காசா ஏத்திட்டே போகலாம். பேப்பர் அதேதான், எடை அதேதான், ஒரு கிராம்கூட கூட்டல, அப்புறம் எங்க இருந்து பலம் வந்துச்சு? இந்தக் கேள்வியைப் பிள்ளைங்க வாயில இருந்து வர வைக்கணும், நாமளே முந்திக்கிட்டு பதில் சொல்லிறக் கூடாது, அதுதான் கஷ்டம்.

பதிலுக்கு ஒரு ஸ்கேலை எடுத்துக்கோங்க, 30 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன்னு வெச்சுக்குவோம். தட்டையா பிடிச்சு வளைச்சா ஈசியா வளையுது, நிமித்தி விளிம்புல நிக்க வெச்சு வளைச்சா அசையவே மாட்டேங்குது. எவ்வளவு வித்தியாசம்னு யூகிக்கச் சொன்னா பத்து மடங்குன்னு சொல்லுவாங்க, ஏன்னா 30க்கும் 3க்கும் பத்து மடங்குதானே. உண்மையில 100 மடங்கு. ஏன்னா ஒரு பட்டை வளையாம எதிர்த்து நிக்கிற தன்மை அதோட அகலத்தை உயரத்தோட கனத்தால பெருக்குனா வர்ற அளவைப் பொறுத்தது. தட்டையா இருக்கும்போது 30 × 3 × 3 × 3, அதாவது 810. நிமித்தி வெச்சா 3 × 30 × 30 × 30, அதாவது 81,000. வளையும்போது மேல் பக்கம் அமுங்குது, கீழ் பக்கம் இழுபடுது, நடுவுல இருக்குற பொருள் சும்மா வேடிக்கை பாத்துட்டு நிக்குது, அதனால பொருளை நடுவுல இருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. இரும்பு உத்தரத்தை குறுக்கா வெட்டிப் பாத்தா மேலயும் கீழயும் பட்டையா, நடுவுல மெல்லிசா இருக்குறது இதனாலதான்.

இப்ப பேப்பருக்கு வருவோம், இங்கதான் கணக்கு டீச்சருக்கு கொண்டாட்டம். ஏ4 பேப்பரோட அகலம் 21 சென்டிமீட்டர். 1 சென்டிமீட்டர் ஆழத்துல மடிச்சா 21 குட்டிச் சுவர் கிடைக்கும், 1.5ல மடிச்சா 14, 3ல மடிச்சா 7. ஆழம் கூடக் கூட சுவரோட எண்ணிக்கை குறையுது. அப்ப எது ஜெயிக்கும், நிறைய சின்னச் சுவரா, கொஞ்சம் பெரிய சுவரா? கிளாஸை ரெண்டா பிரிச்சு வோட்டு எடுங்க, எடுத்துட்டு மேல படிங்க.

சுவரெல்லாம் செங்குத்தா நிக்குதுன்னு வெச்சுக்கிட்டா மொத்த எதிர்ப்பு, சுவர் எண்ணிக்கை பெருக்கல் ஆழத்தோட கனம். எண்ணிக்கைங்கறது 21ஐ ஆழத்தால வகுத்தது. ரெண்டையும் சேத்தா ஒரு ஆழம் அடிபட்டுப் போய் 21 பெருக்கல் ஆழத்தோட வர்க்கம்னு நிக்கும். அதாவது ஆழத்தை மூணு மடங்காக்குனா சுவர் எண்ணிக்கை மூணுல ஒண்ணா குறைஞ்சும்கூட எதிர்ப்பு 9 மடங்கு. உதாரணத்துக்கு குறிப்பிட்ட ஒரு எடையை வெச்சப்ப 1 சென்டிமீட்டர் மடிப்பு 18 மில்லிமீட்டர் தொங்குச்சுன்னா, கணக்குப்படி 1.5 சென்டிமீட்டர் மடிப்பு 8 மில்லிமீட்டரும், 3 சென்டிமீட்டர் மடிப்பு 2 மில்லிமீட்டரும்தான் தொங்கணும். அடுக்குக்குறி வகுத்தல், எதிர்விகிதம், வர்க்கம், இதெல்லாம் புத்தகத்துல தனித்தனி சாப்டரா கிடக்கும், இங்க ஒரே பேப்பர்ல வந்து நிக்குது.

ஆனா நிஜமா செஞ்சு பாத்தா 9 மடங்கு வராது, சில சமயம் 3 சென்டிமீட்டர் மடிப்பு 1.5ஐ விட மோசமாக்கூட போகும். இதைப் பாத்து "சயின்ஸ் தப்பு"ன்னு ஒரு குரல் வரும், அந்தக் குரலை அடக்கிறாதீங்க, பாடத்தோட நல்ல பகுதியே அங்கதான் இருக்கு. உயரமான மெல்லிய சுவர் நேரா நிக்காம பக்கவாட்டுல சாயும், மடிப்பெல்லாம் விரிஞ்சு பேப்பர் மறுபடி தட்டையாகப் பாக்கும். நம்ம கணக்கு "சுவர் செங்குத்தா நிக்குது"ன்னு ஒரு கண்டிஷன் போட்டுட்டுதான் ஆரம்பிச்சுது, நிஜத்துல அந்த கண்டிஷன் உடைஞ்சிருச்சு. அப்ப அடுத்த டிசைன்ல என்ன பண்ணணும்? விரியாம தடுக்கணும், ஓரத்தைச் சொருகலாம், ரெண்டு முனையையும் புத்தகத்துக்கு இடையில செருகலாம். இப்ப பையன் டேப் கேக்கல, சுவர் சாயறதைத் தடுக்க வழி தேடுறான். ஃபார்முலா எந்த இடத்துல செல்லும், எந்த இடத்துல செல்லாதுங்கறதை இப்படிக் கையால தொட்டுத் தெரிஞ்சுக்க தியரி கிளாஸ்ல வழியே இல்ல.

மூணாம் வகுப்புக்கு இவ்வளவும் வேணாம், காசை எண்ணி, ரெண்டு பாலத்தை ஒப்பிட்டு, "இது அதைவிட 12 காசு அதிகம் தாங்குச்சு"ன்னு எழுதுனா போதும். ஏழாம் வகுப்புன்னா ஆழத்துக்கும் தொங்கலுக்கும் கிராஃப் போடலாம். அந்த கிராஃப் நேர்கோடா வராது, ஏன் வரலன்னு கேக்கலாம். ஒவ்வொரு டெஸ்டையும் மூணு தடவை பண்ணி சராசரி எடுக்கச் சொல்லுங்க, காசை நடுவுல வெச்சாத்தான் ஒப்பிட முடியும்னு அவங்களே சண்டை போட்டு ரூல் போட்டுக்குவாங்க.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, இதை யாரும் பெருசா பேசுறதில்ல. சயின்ஸ்ல "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து"ன்னு சொல்லிக்கொடுக்குறோம், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும், அப்பதான் எதால மாற்றம் வந்துச்சுன்னு தெரியும். ஆனா போட்டின்னு வந்துட்டா பிள்ளைங்க மடிப்பையும் மாத்தி, பேப்பர் திசையையும் மாத்தி, ஓரத்தையும் சொருகி எல்லாத்தையும் ஒண்ணா செஞ்சுருவாங்க, ஏன்னா அவங்களுக்கு ஜெயிக்கணும், காரணம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. பாலம் நல்லா நிக்கும், ஆனா எதனால நின்னுச்சுன்னு கேட்டா தெரியாது. இது அவங்க தப்பே இல்ல, ரெண்டு வேற வேற வேலையை நாம ஒண்ணா போட்டுக் குழப்புறோம். அதனால நேரத்தைப் பிரிச்சுக் கொடுங்க. இப்ப 20 நிமிஷம் டெஸ்டிங், ஜெயிக்கிறது தோக்குறது எதுவும் கிடையாது, ஒண்ணை மட்டும்தான் மாத்தணும், டேட்டா கிளாஸுக்கே பொது. அப்புறம் 20 நிமிஷம் டிசைன், அந்த டேட்டாவைப் பாத்து என்ன வேணா மாத்திக்கலாம். போர்டுல பெருசா எழுதிப் போட்டா இன்னும் நல்லது, எந்த நேரத்துல எந்த வேலைல இருக்கோம்னு பசங்களுக்குத் தெரியணும்.

இதைப் பெரிய அளவுல செஞ்சு காட்டுனவங்கன்னா ரைட் சகோதரர்கள். 1900லயும் 1901லயும் அவங்க பறக்கவிட்ட, இன்ஜின் இல்லாத கிளைடர்ல கணக்குப்படி வர வேண்டிய தூக்கு விசை வரல. அந்தக் காலத்துல எல்லாரும் பயன்படுத்துன ஃபார்முலாவுல காத்தழுத்தத்துக்குன்னு ஒரு நம்பர் இருந்துச்சு, 0.005, ஜான் ஸ்மீட்டன்கிற 18ஆம் நூற்றாண்டு இன்ஜினியர் பேரால அதைச் சொல்லுவாங்க. இவங்க அளந்து பாத்தா அது 0.0033 கிட்டதான் வருது, அதாவது மூணுல ரெண்டு பங்கு. இறக்கையை இன்னும் பெருசாக்கி, அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் மாத்தி எப்படியாவது பறக்க வைக்கப் பாக்காம, 1901 கடைசில சுமார் ஆறடி நீளத்துல மரப்பெட்டி ஒண்ணு செஞ்சு, ஒரு முனையில ஃபேன் வெச்சு, உள்ள 200 கிட்ட குட்டி இறக்கை மாடல்களை ஒவ்வொண்ணா வெச்சு அளந்தாங்க. அந்த டேட்டாவை வெச்சுதான் 1902 கிளைடரோட இறக்கை. 1903 டிசம்பர் 17ல இன்ஜின் வெச்சுப் பறந்தாங்க. கட்டுறதை நிறுத்திட்டு அளக்கப் போனாங்க பாருங்க, அதைத்தான் கிளாஸ்ல வர வைக்கணும்.

இன்னொரு நினைப்பு நம்ம எல்லாருக்கும் இருக்கு, முதல்ல தியரியை முடிச்சாத்தான் அப்புறம் அப்ளிகேஷன், அதனால இன்ஜினியரிங் பாடம் சாப்டர் கடைசில, நேரம் இருந்தா பாக்கலாம். நேரம் இருக்கவே இருக்காது, அது வேற விஷயம். ஆனா வரலாறே அந்த ஆர்டர்ல நடக்கல. இங்கிலாந்துல தாமஸ் நியூகாமன்ங்கறவர் 1712லயே நீராவி இன்ஜினை ஓட வெச்சுட்டார், வெப்ப இன்ஜினால அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்க முடியும்னு பிரெஞ்சு இன்ஜினியர் கார்னோ எழுதுனது 1824ல. நூறு வருஷத்துக்கு மேல இன்ஜின் ஓடிட்டே இருந்துச்சு, ஏன் ஓடுது, எதுவரைக்கும் ஓடும்ங்கற கேள்வி அதுக்கப்புறம்தான் தெளிவாச்சு. கிளாஸ்லயும் சும்மா 10 நிமிஷம் முதல்ல கட்ட விடுங்க, விழட்டும், அப்புறம் தியரி சொல்லுங்க, அந்த தியரியைக் கேக்குற காதே வேறயா இருக்கும்.

ஜியோமெட்ரிக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அட்டைப் பட்டையில ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு, பின்னை வெச்சுக் கோத்து சதுரம் செய்யச் சொல்லுங்க, லேசா தள்ளுனா சாய்ஞ்சு போகும். முக்கோணம் செஞ்சா அசையாது. "மூணு பக்கம் சமம்னா ரெண்டு முக்கோணமும் சர்வசமம்"னு தேற்றத்துல படிச்சதோட அர்த்தமே இதுதான், மூணு நீளம் முடிவாயிட்டா வடிவத்துக்கு வேற வழியே இல்ல, ஒரே ஒரு முக்கோணம்தான் வரும், அதனால ஆடாது. நாலு நீளத்துக்கு அந்த உத்தரவாதம் இல்ல, அதே நாலு பட்டையில எத்தனையோ நாற்கரம் வரும், அதான் ஆடுது. அப்ப சதுரத்தை ஆடாம நிறுத்த குறுக்கா எத்தனை பட்டை போடணும்? 1. ஐங்கோணத்துக்கு? 2. அறுகோணத்துக்கு? 3. பிள்ளைங்களே டேபிள் போட்டு பக்க எண்ணிக்கைல 3ஐக் கழிக்கணும்னு கண்டுபிடிச்சிருவாங்க, ஆறாம் வகுப்பு பிள்ளைங்ககூட. எந்தப் பட்டையை எங்க போட்டாலும் சரியா வருமா, ரெண்டு பட்டை ஒண்ணை ஒண்ணு வெட்டுனா என்னாகும்னு கேட்டு விட்டா அன்னிக்கு பீரியட் போறதே தெரியாது.

முட்டை டிராப்பைப் பத்தி சொல்லாம விட்டா கோவிச்சுக்குவீங்க, மாடில இருந்து முட்டையைப் போட்டு உடையாம காப்பாத்துறது, ரொம்ப ஃபேமஸ். எனக்கு இதுல பாதி சம்மதம்தான், ஏன்னா முட்டை உடைஞ்சுது இல்ல உடையல, ரெண்டே ரிசல்ட், கிராஃப் போட ஒண்ணும் இல்ல, திருப்பி டெஸ்ட் பண்ண முட்டையும் இல்ல. ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட வெச்சா மதிப்பு ஏறிடும். காத்தோட தடையை விட்டுட்டுப் பாத்தா, விழுந்த உயரத்தை நிக்க எடுத்துக்கிட்ட தூரத்தால வகுத்தா கிட்டத்தட்ட எத்தனை மடங்கு எடை அந்த முட்டை மேல சராசரியா அழுத்துதுன்னு வந்துரும். 3 மீட்டர்ல இருந்து விழுந்து 5 சென்டிமீட்டர் மெத்தைக்குள்ள நின்னா 60 மடங்கு, 60 கிராம் முட்டைக்கு சுமார் 35 நியூட்டன். அதே முட்டை வெறும் தரையில 1 மில்லிமீட்டர்க்குள்ள நின்னா 3,000 மடங்கு, 1,760 நியூட்டனுக்கு மேல. மெத்தையோட வேலை "மெத்துன்னு இருக்குறது"ன்னு நினைச்சுட்டு இருந்த பிள்ளைக்கு, அதோட வேலை நிக்கிற தூரத்தைக் கூட்டுறதுன்னு இப்ப தெரியும். பஞ்சை எவ்வளவு தடிமனா வைக்கணும்னு கணக்குப் போட்டுட்டு வந்தாத்தான் மாடிப்படி ஏற விடுவேன்னு சொல்லிப் பாருங்க.

பாராசூட் இதைவிட நல்ல சாய்ஸ், திருப்பித் திருப்பிப் போடலாம், ஸ்டாப்வாட்ச் இருந்தா போதும். விட்டத்தை ரெண்டு மடங்காக்குனா பரப்பு நாலு மடங்கு, இறங்குற வேகம் கிட்டத்தட்ட பாதி. துணியோட எடையும் சேந்து ஏறுறதால சரியா பாதி வராது, அந்த வித்தியாசத்தையே அடுத்த கேள்வியா ஆக்கிக்கலாம்.

யூனிட் எழுதலன்னா மார்க் கட் பண்ணும்போது பசங்க மூஞ்சி போற போக்கு இருக்கே. அவங்களுக்கு மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கதையைச் சொல்லுங்க. 1999 செப்டம்பர் 23ல செவ்வாய்க்குப் போய்ச் சேந்த நாசாவோட விண்கலம் அது, சுற்றுப்பாதைல நுழையறப்பவே தொலைஞ்சு போச்சு. தரையில இருந்த ஒரு சாஃப்ட்வேர் உந்துதலை பவுண்ட் கணக்குல கொடுத்துச்சு, வாங்கிக்கிட்ட பக்கம் அது நியூட்டன் கணக்குன்னு நினைச்சுக்கிச்சு, ரெண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். கணக்கு தெரியாதவங்களா அவங்க? நம்பர் பக்கத்துல என்ன யூனிட்னு ஒத்துப் பாக்கல, அவ்வளவுதான்.

இனி கிளாஸ்ல வழக்கமா சொதப்புற விஷயங்கள். முதல் ஆபத்து நேரம். ஒரு பீரியட்ல பிரச்சனையைச் சொல்லி, கட்டி, டெஸ்ட் பண்ணி முடிக்கவே மணி அடிச்சிரும், "திருத்திச் செய்" பகுதி அடுத்த வாரம்னு போய் அப்படியே மறந்து போகும். ஆனா கத்துக்குறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது டிசைன்லதான், முதல் டிசைன் வெறும் யூகம். அதனால கட்டுறதுக்கு கம்மி நேரம், சின்ன பொருள், எளிய டாஸ்க், ஆனா ரெண்டு ரவுண்டு கண்டிப்பா. மூணு பீரியட் கிடைச்சா முதல்ல கட்டு, ரெண்டாவதுல அள, மூணாவதுல திருத்துன்னு பிரிச்சுக்கலாம், ஒண்ணுதான் கிடைக்கும்னா கிளாஸுக்கே பொதுவா ஒரு முதல் டிசைனை நீங்களே செஞ்சு கொண்டு வந்துருங்க, பசங்க அதை டெஸ்ட் பண்ணி திருத்தட்டும்.

ரெண்டாவது, கத்தரிக்கோல் யார் கையில இருக்கு? குரூப்ல ஒருத்தனே எல்லாத்தையும் கட்டுவான், ஒரு பொண்ணு "நீ அழகா எழுதுவ"ன்னு நோட்டு எழுத உக்காந்துரும், ஒருத்தர் ஜன்னலைப் பாத்துட்டு இருப்பாரு. மூணு பேர் குரூப்தான் சரி, ரவுண்டுக்கு ரவுண்டு வேலை மாறணும், அளக்குறவர் கட்டணும், கட்டுனவர் எழுதணும்.

மூணாவது மார்க். அதிக காசு தாங்குன பாலத்துக்கு முதல் பரிசுன்னா எல்லாரும் பக்கத்து டேபிளைப் பாத்துக் காப்பியடிப்பாங்க, நிஜ இன்ஜினியருங்களும் அதைத்தான் செய்றாங்கன்னாலும் நமக்கு இங்க அது வேணாம். டெஸ்டுக்கு முன்னாடி எழுதுன கணிப்புக்கு மார்க் கொடுங்க, "எவ்வளவு தொங்கும்னு நினைக்கிற, ஏன்"ங்கறதுக்கு. கணிப்பு தப்பானா மார்க் குறைக்காதீங்க, காரணம் எழுதாம விட்டா குறைங்க. டெஸ்ட் முடிஞ்சதும் கணிப்புக்கும் ரிசல்ட்டுக்கும் ஏன் வித்தியாசம்னு ரெண்டு வரி. பாலம் சரிஞ்சு விழுந்த குரூப் இதுல முழு மார்க் வாங்கலாம், வாங்கணும்.

"எனக்கு இன்ஜினியரிங் தெரியாதே, நான் பி.எஸ்சி. பிசிக்ஸ்தானே"ன்னு தயங்குற டீச்சருங்க நிறைய பேர். பெருசா ஒண்ணும் தேவையில்ல, கிளாஸுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை எல்லாத்தையும் செஞ்சு பாத்துருங்க, அதே பேப்பர், அதே காசு, எங்க விழுது எங்க விரியுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போதும். பசங்க கேக்குற கேள்விக்கு பதில் தெரியலன்னா "டெஸ்ட் பண்ணிப் பாப்போம்"னு சொல்ல முடியுற பாடம் இது ஒண்ணுதான், அந்த வசதியைப் பயன்படுத்திக்கோங்க.

கத்துக்கிட்டாங்களான்னு பாக்க ஒரு கேள்வி மட்டும் பரீட்சைல வைங்க, பேப்பர் பாலம்னே சொல்லாம. "ஒரு மரப்பலகை, 20 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் தடிமன். ஓடைக்கு மேல தட்டையா போட்டா ஆள் நடக்கும்போது ரொம்ப வளையுது. அதே பலகையை வெச்சு வளையறதைக் குறைக்கணும், என்ன பண்ணுவ, எத்தனை மடங்கு குறையும், அதுல என்ன புதுப் பிரச்சனை வரும்?" நிமித்தி வைக்கணும்னு மட்டும் எழுதுனா ஆக்டிவிட்டியைப் பாத்திருக்கான்னு அர்த்தம். 25 மடங்குன்னு கணக்கோட எழுதுனா கனம் புரிஞ்சிருக்கு. 4 சென்டிமீட்டர்ல காலை எங்க வைக்கிறது, பலகையே சாய்ஞ்சுருமே, அதனால பலகையை நீளவாக்குல அறுத்து ரெண்டு துண்டை நிமித்தி மேல ஒண்ணைத் தட்டையா போடலாமான்னு எழுதுனா, அந்த பேப்பரைக் கொஞ்சம் எடுத்து வெச்சு ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டுங்க.